அலுமாரியில் இன்னொரு துவக்குக்கு இடம் இருக்கிறது

மேல்மாடியில் இருக்கிற என் மகனுக்கு, கீழே குசினி மேசையில் இருந்து அம்மா எழுதுகிறேன். நீ சிரிப்பாய். படியேறி வந்து சொல்லக்கூடிய விஷயத்துக்கு இந்த மனுசி ஏன் காகிதமும் பேனையும் தூக்கிக்கொண்டு குந்தியிருக்கிறாள் என்று கேட்பாய். வந்து பார்த்தேன் மகன். இந்தக் கிழமை முழுக்கப் படியில் ஏறுவதும் இறங்குவதுமாகத்தான் என் பிழைப்பு. ஒரு தடவை உன் அறைக் கதவு வரைக்கும் வந்துவிட்டேன். உள்ளே நீயும் ஹன்னாவும் அவளுடைய அப்பாவோடு ஸ்பீக்கரில் கதைத்துச் சிரிக்கிற சத்தம் கேட்டது. கையிலிருந்த உடுப்புக் கூடையைக் கதவடியில் வைத்துவிட்டுப் பேசாமல் இறங்கிவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை உன் மாமனார் ரிச்சர்ட் என்னிடம் ஒரு விஷயத்தைச் சொல்லி, அதை உன்னிடம் எடுத்துச் சொல்லும்படி கேட்டார். நான் இன்னும் சொல்லவில்லை. மறந்துபோய் அல்ல. பொறாமையில்தான் சொல்லவில்லை.

அந்தச் சொல்லை எழுதிவிட்டேன், இனி அழிக்கப் போவதில்லை. பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் இதைச் சொன்னதில்லை. 'கோபப்பட்டேன் சுவாமி' என்று சொல்லி ஒப்பேற்றிவிட்டு வந்துவிடுவேன். அவரும் அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிவிடுவார். ஆனால் அது கோபம் இல்லை. கோபம் வந்தால் கத்தலாம், சட்டியைப் போட்டு உடைக்கலாம், பிறகு ஆறிவிடும். இது ஆறாது. நீ அந்த மனிதரைப் பற்றிக் கதைக்கிறபோது என் வயிற்றுக்குள் ஏதோ பத்தி எரியும், முகத்தில் மட்டும் 'அப்படியா, நல்லம் நல்லம்' என்று ஒரு சிரிப்பை ஒட்ட வைத்துக்கொண்டு நிற்பேன். நீ அந்தச் சிரிப்பை நம்பினாய். ஹன்னா நம்பவில்லை என்று நினைக்கிறேன். பெண்பிள்ளைகளை இந்த விஷயத்தில் ஏமாற்ற முடியாது.

முந்தி ஞாயிற்றுக்கிழமை என்றால் அது என்னுடையது. உனக்கு ஞாபகம் இருக்கும். தமிழ்ப் பூசைக்குப் போய், பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணி குடித்து, வழியில் ஆட்டிறைச்சி வாங்கிக்கொண்டு செவன் கிங்ஸ் வீட்டுக்கு வருவோம். நீ வெங்காயம் உரித்துத் தருவாய், கண் எரிகிறது என்று சொல்லிச் சொல்லி உரிப்பாய். அப்பா மோசம் போய் அடக்கம் பண்ணிய பிறகு அந்த மேசையில் நாங்கள் இரண்டு பேர்தான். நீ கலியாணம் கட்டியபோது ஹன்னாவும் அந்த மேசைக்கு வந்தாள். நான் நல்ல மாமிதான், நீயே சொல்லு. அவளுக்காக உறைப்பைக் குறைத்தேன், பிறகு அவள் உறைப்புப் பழகியதும் கூட்டினேன். பெண் கொடுத்தவர்களோடு பங்கு போட வேண்டி வரும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் பங்கு கேட்டு வரப்போவது உன் மாமியாராக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தேன். ஹன்னாவின் தாய் பாவம், உன் கலியாணத்துக்கு முன்னமே போய்விட்டார். வந்தது எசெக்ஸ் பக்கத்துக் கிராமத்தில், பெரிய தோட்டத்துக்கு நடுவில், பச்சைச் சப்பாத்தும் தொப்பியுமாய்த் தனியாக இருக்கிற ஒரு மனிதர்.

அவர் உன்னை முதல் தடவை துவக்குச் சுடுகிற மைதானத்துக்குக் கூட்டிப் போன நாளை நான் மறக்க மாட்டேன். பின்னேரம் வீட்டுக்கு வந்தாய். சப்பாத்து முழுக்கச் சேறு. கதிரையில் இருந்தவுடனே தொடங்கினாய். ஆரஞ்சு நிறத் தட்டு ஒன்றை இயந்திரம் ஆகாயத்தில் எறியுமாம், அதைத் துவக்கால் சுட்டு நொறுக்க வேண்டுமாம், தட்டுக்குச் சுடக்கூடாதாம், தட்டுப் போகப்போகிற இடத்துக்குச் சுட வேண்டுமாம். "அம்மா, அவர் பின்னால நிண்டு தோளை இப்பிடிப் பிடிச்சுத் திருப்பினார். அடுத்ததில தட்டுத் தூள்!" என்று எழும்பி நின்று காட்டினாய். சேட்டை விலக்கித் தோளில் துவக்கு இடித்த கண்டலைக் காட்டினாய், பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கி வந்த பிள்ளை மாதிரி. உன் வேலையைப் பற்றி நான் கேட்டால், "ஓம் அம்மா, பரவாயில்லை" என்பதற்கு மேல் உன் வாயிலிருந்து ஒரு சொல் கழன்றதில்லை. அன்றைக்குச் சோறு ஆறி அவலாகும் வரைக்கும் கதைத்தாய். நான் உன் தோளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே, இந்தத் தோளை இன்னொருவர் பிடித்துத் திருப்பினார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லையே என்றும் நினைத்தேன். அவர் பெற்றோல் நிலையத்தில் ஞாயிறு என்றும் திங்கள் என்றும் பாராமல் ஷிப்ட் பார்த்தவர். உன்னோடு ஒரு பந்து உதைக்கக்கூட அவருக்கு நேரம் இருந்ததில்லை. அவருடைய இடத்தில் யாரோ வந்து உட்கார்ந்துவிட்டார் என்ற எரிச்சலும் என் எரிச்சலோடு சேர்ந்துகொண்டது.

பிறகு ஞாயிறுகள் ஒவ்வொன்றாய்ப் போகத் தொடங்கின. தட்டோடு நிற்கவில்லை. பயிரை மேய்கிற புறாக்களைச் சுட்டுத் தரச் சொல்லி அங்கே தோட்டக்காரர்கள் அவரைக் கேட்பார்களாம். நீயும் ஹன்னாவும் அவரும் குடும்பமாய் வேலிக்குப் பின்னால் பதுங்கிக் கிடப்பீர்களாம். குடும்பமாய் என்று நீ சொன்ன சொல் எனக்கு எங்கே போய்த் தைத்தது என்று உனக்குத் தெரியாது. அந்த முதல் புறாவை அவர் நெஞ்சை மட்டும் வெட்டி எடுத்து, வெண்ணெயில் பிரட்டி, உள்ளே சிவப்பாய் இருக்கத் தந்தார் என்றும், "சா, என்ன ருசி அம்மா" என்றும் சொன்னாய். வேகாத இறைச்சியை என் பிள்ளை ருசி என்கிறான்! அடுத்த தடவை புறாவை முழுதாய்க் கொண்டு வா என்று சொன்னேனே, ஏன் என்று நினைத்தாய்? காலையும் கழுத்தையும் எறிகிற மனிதருக்கு ஒரு பாடம் காட்டத்தான். மிளகும் கறித்தூளும் போட்டு, கடைசியில் தேங்காய்ப்பால் விட்டு இறக்கிக் கொடுத்தனுப்பினேன். சட்டி கழுவித் திரும்பி வந்தது. "மூக்கும் கண்ணும் ஓட ஓடச் சாப்பிட்டார் அம்மா, பாண் போட்டுத் துடைச்சார்" என்றாய். நான் வென்றுவிட்டேன் என்று அன்றைக்கு நன்றாக நித்திரை கொண்டேன்.

அப்போதுதான் சொந்தமாய் ஒரு துவக்கு வாங்கப் போகிறேன் என்று வந்து நின்றாய். ஒவ்வொரு தடவையும் அவருடையதை இரவல் வாங்கிச் சுட ஏலாதாம். வீட்டுக்குச் சேர்க்கிற காசில் கை வைக்காமல், மலிவாய், நீயும் ஹன்னாவும் மாறி மாறிப் பாவிக்கக்கூடிய ஒன்று, செமி ஆட்டோமேட்டிக். நான் அந்தக் கடைசிச் சொல்லை மட்டும்தான் கேட்டேன். "என்னடா சொல்லுறாய்? ஆட்டோமேட்டிக்கோ? இந்த வீட்டுக்குள்ளயோ?" என்று கத்தினேன். நீ பொறுமையாய் இருத்தி வைத்து விளங்கப்படுத்தினாய். "ஒருக்கா இழுத்தால் ஒரு வெடிதான் அம்மா. அடுத்த தோட்டாவை அது தானாய் ஏத்தும், அவ்வளவுதான். மூண்டுக்கு மேல போடவும் ஏலாது, இங்க சட்டம் அப்பிடி." நான் அழுதேன். மன்னாரில் நாங்கள் இருந்த சண்டைக் காலத்தைச் சொல்லி அழுதேன். வேலியோரம் சத்தம் கேட்டால் வயிற்றில் கிடந்த உன் அக்காவோடு நிலத்தில் குப்புறப் படுத்ததையும், அந்தப் பிள்ளை தங்காமல் போனதையும் சொல்லி அழுதேன். எந்தப் பக்கத்துத் துவக்கு என்று நாங்கள் பார்த்துப் பயப்பட்டதில்லை, துவக்கு என்றாலே பயம்தான் என்று சொன்னேன். நீ "சரி அம்மா, விடுங்கோ" என்று சொல்லிவிட்டு, அந்தக் கோடை முழுக்க அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

நான் சொன்னது எல்லாம் உண்மை மகன். ஆனால் அன்றைக்கு நான் அழுதது அதற்காக இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்காக அழுதேன். உன்னைக் கட்டிப்போட வேறு கயிறு கிடைக்காமல் அந்தச் சண்டையை எடுத்தேன், என் செத்த பிள்ளையையும் எடுத்தேன். அதைச் செய்திருக்கக் கூடாது. அந்த நாட்களை நீ வாழவில்லை, அதனால் நான் எதைச் சொன்னாலும் நீ தலை குனிவாய் என்று எனக்குத் தெரியும். நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை வந்து, உனக்குப் பிடிக்காத ஒன்றைக் கேட்டு நின்றால், எனக்குப் பிடிக்கவில்லை என்று நேராய்ச் சொல்லு. பட்ட துன்பத்தைத் தூக்கிக் காட்டி அதன் வாயை அடைக்காதே.

பிறகு நான் எப்படி மனம் மாறினேன் என்று நீயும் ஹன்னாவும் இன்றைக்கு வரைக்கும் யோசிக்கிறீர்கள். அதையும் சொல்லிவிடுகிறேன். என் கண்ணீரைப் பற்றிக் கேள்விப்பட்ட ரிச்சர்ட், "அம்மாவுக்குப் பயமென்றால் துவக்கு என் வீட்டிலேயே இருக்கட்டும், என் இரும்பு அலுமாரியில் நிறைய இடம் இருக்கிறது" என்று உன்னிடம் சொன்னார். எல்லோரும் என்னை அம்மா என்று கூப்பிடுவதால் அவரும் என்னை அம்மா என்றுதான் சொல்லுவார். நல்ல மனதோடுதான் சொன்னார். நீ அதை என்னிடம் வந்து சந்தோசமாய்ச் சொன்னாய். எனக்கு உச்சி கொதித்தது. என் பிள்ளை வாங்குகிற சாமான் இன்னொருவர் வீட்டிலோ? அதை எடுக்க அங்கே போக வேண்டும், வைக்க அங்கே போக வேண்டும், பிறகு உடுப்பும் அங்கே, படுக்கையும் அங்கே! "ஏன், எங்கட வீட்டில இடமில்லையோ? நாங்கள் என்ன ரோட்டிலயோ இருக்கிறம்? துவக்கு இங்கதான் வரவேணும்!" என்று நான் போட்ட சத்தத்தில் நீ வாயைப் பிளந்துகொண்டு நின்றாய். மன்னாரும் பயமும் ஒரு நிமிடத்தில் எங்கே போயின என்று நீ கேட்கவில்லை. அதற்கு உனக்கு நன்றி.

இரும்பு அலுமாரி வந்தது. படிக்குக் கீழே சுவரில் ஆணி அறைந்து பூட்டினீர்கள். லைசன்ஸ் தருவதற்கு முன் வீட்டைப் பார்த்துப் போக ஒரு பொலிஸ்காரப் பிள்ளை வந்தாள். நான் ரோல்ஸ் பொரித்து வைத்தேன். நல்ல மரியாதையான பிள்ளை. வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள், சண்டை சச்சரவு உண்டா என்றெல்லாம் மெதுவாய்க் கேட்டாள். அலுமாரியை ஆட்டிப் பார்த்தாள், திருப்தி. பிறகு உன்னைப் பார்த்து, அலுமாரிப் பூட்டின் திறப்பு எங்கே இருக்கும், வேறு யாருக்கும் கிடைக்குமா என்று கேட்டாள். நீ "இல்லை, என்னிடம் மட்டும்தான்" என்றாய். அதைக் கேட்டதும் எனக்கு ரோசம் வந்துவிட்டது. இந்த வீட்டில் ஒரு திறப்பு என்னிடம் இல்லையென்று வெளியாள் முன்னால் என் மகன் சொல்லுவதா? முன்கதவு, பின்கதவு, உன் கார், ஹன்னாவின் சைக்கிள், கோயில் மண்டபத் திறப்புக்கூட என் கோர்வையில் இருக்கிறது. என் கைப்பையைத் திறந்து, கோர்வையை மேசையில் வைத்து, அந்தப் புதுத் திறப்பைத் தூக்கிப் பிடித்து, "நோ நோ மிஸ், அவன் எங்கயும் துலைச்சுப்போடுவான் எண்டு நான் ஒண்டு வெட்டி வச்சிருக்கிறன்" என்று என் இங்கிலீஷில் பெருமையாய்ச் சொன்னேன். இல்ஃபோர்ட் பக்கம் சப்பாத்துத் தைக்கிற கடையில் கேட்டு வெட்டுவித்தது.

அந்தப் பிள்ளை ரோல்ஸைத் தட்டில் வைத்துவிட்டாள். ஹன்னா கையால் முகத்தை மூடினாள். நீ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! துவக்கு அலுமாரித் திறப்பு லைசன்ஸ்காரனைத் தவிர வேறு யாரிடமும் இருக்கக் கூடாது என்று யார் எனக்குச் சொன்னது? எங்கள் ஆட்களில் எந்தத் தாய்க்கு அது தானாய் விளங்கும்? விஷயம் அந்த இடத்திலேயே முறிந்துபோகப் பார்த்தது. நல்லவேளை, அவள் என் கையில் இருந்த திறப்பை வாங்கி உன்னிடம் கொடுத்து, பூட்டை மாற்றி நம்பர் போடுகிற பூட்டுப் பூட்டுங்கள், திரும்பவும் வந்து பார்க்கிறேன் என்று சொல்லிப் போனாள். அந்த நம்பர் மனைவிக்கும் தெரியக் கூடாது என்றும் சொன்னாள். அதைக் கேட்டதும் எனக்கு வந்த ஆறுதலை என்னவென்று சொல்ல! ஹன்னாவுக்கும் இல்லையென்றால் எனக்கும் வேண்டாம். ஆனாலும் நீ குனிந்து அந்த நம்பரை அமத்துகிற ஒவ்வொரு தடவையும், அது யாருடைய பிறந்தநாளாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டுதான் குசினிக்குள் நிற்கிறேன்.

வாங்கப் போன அன்றைக்கும் நான் உங்களை விடவில்லை. ரிச்சர்ட் வருகிறார் என்றால் நானும் வருவேன் என்று முன் சீட்டில் ஏறி இருந்துவிட்டேன். கடை முழுக்கத் துவக்கு. நான் செபமாலையைக் கைக்குள் வைத்துக்கொண்டு நின்றேன். ரிச்சர்ட் உன்னை ஒரு பக்கம் இழுத்துப் போய், மேலும் கீழுமாய் இரண்டு குழல் வைத்த, மரக் கட்டை போட்ட பழைய துவக்குகளைக் காட்டினார். அவற்றை நடுவில் மடித்துத் திறந்து வைத்தால் உள்ளே தோட்டா இல்லை என்று தூரத்தில் நிற்கிறவருக்கும் தெரியுமாம். நாகரிகமான ஆட்கள் அதைத்தான் கொண்டுபோவார்களாம். நீயோ கறுப்புப் பிளாஸ்டிக் கட்டை போட்ட, துருக்கியில் செய்த அந்த செமி ஆட்டோமேட்டிக்கில் பிடிவாதமாய் நின்றாய். சுட்ட வெற்றுத் தோட்டாவைப் பக்கத்தில் நிற்கிறவர் மேல் துப்பும் என்று ரிச்சர்ட் முகத்தைச் சுளித்தார். கடைக்காரர் உன் பக்கம் நின்றார். வெடிக்கிற வாயுவில் கொஞ்சத்தை அதுவே எடுத்து அடுத்த தோட்டாவை ஏற்றுவதால் தோளில் இடிக்கிறது குறைவு, விலைக்கு இதைவிட நல்லது கிடையாது என்றார். நீ ரிச்சர்ட் சொன்னதைக் கேட்காமல் உன் எண்ணப்படி வாங்கினாய் என்பதில் எனக்கு எவ்வளவு புளுகம், எவ்வளவு சந்தோசம்! அந்தப் புளுகத்தில்தான் கடைக்காரரோடு விலை பேசத் தொடங்கினேன். இங்கே அப்படிப் பேசுகிற வழக்கம் இல்லை என்று ஹன்னா என் கையைக் கிள்ளினாள். இருந்தாலும் உறையும் ஒரு பெட்டித் தோட்டாவும் சும்மா வந்ததா இல்லையா?

ஒன்றை மட்டும் கவனித்தேன். தோளில் வைக்கிற கட்டையின் நீளத்தைக் கூட்டலாம் குறைக்கலாம் என்று கடைக்காரர் துண்டுகளைக் காட்டியபோது, நீ துண்டு ஒன்றும் போட வேண்டாம், ஆகக் குறைந்த அளவிலேயே இருக்கட்டும் என்றாய். ஹன்னாவுக்காக என்று நினைத்து அதற்கும் எரிந்தேன். அவள் உன்னைவிட உயரம் என்பது அப்போது என் மூளைக்குள் ஏறவில்லை. பொறாமைக்குக் கண் சரியாய்த் தெரியாது.

போன ஞாயிறு காலைப் பூசைக்கு வெள்ளனப் போய்விட்டு, "நீங்களும் வாங்கோ அம்மா, ஒருக்கா வந்து பாருங்கோ" என்று நீ கெஞ்சிக் கூப்பிட்டதால் வந்தேன். வந்தேன் என்ன, என்ன நடக்கிறது என்று உளவு பார்க்க வந்தேன். லைசன்ஸ் இல்லாதவர்களும் அந்த மைதானத்தில் சுடலாம் என்று சொல்லி என் காதில் அந்தப் பெரிய மூடியை மாட்டி, துவக்கை என் தோளில் வைத்தாய். சத்தம் வரும் முன்னமே மன்னார் என் முன்னால் வந்து நின்றது. நீ எனக்குப் பின்னால் நின்று தோளைப் பிடித்தாய். "நான் பிடிச்சிருக்கிறன் அம்மா. தட்டைப் பாக்காதேங்கோ, தட்டுப் போற இடத்தைப் பாருங்கோ." முதல் வெடிக்குக் கண்ணை மூடினேன். அடுத்ததுக்கும்தான். எத்தனையோ தட்டுகள் தங்கள் பாட்டில் போய்ப் புல்லில் விழுந்தன. பிறகு ஒன்று, ஆகாயத்தில், என் கண் முன்னால், தூளாய்ப் போனது. நான் போட்ட கூச்சலில் அடுத்த வரிசையில் சுட்டுக்கொண்டிருந்த வெள்ளைக்காரர்கள் கைதட்டினார்கள். அவ்வளவு காலமும் எனக்கு எதிரே வந்த சத்தம், அன்றைக்கு என் கையிலிருந்து போய் ஒரு களிமண் தட்டைத் தவிர யாரையும் ஒன்றும் செய்யவில்லை. நான் ஏன் சிரித்துக்கொண்டே அழுதேன் என்று ஹன்னா கேட்டாள். தூசு என்றேன்.

நீங்கள் இரண்டு பேரும் அடுத்த இடத்துக்குச் சுடப் போன நேரம், ரிச்சர்ட் எனக்குத் தேத்தண்ணி வாங்கி வந்து பக்கத்தில் மர வாங்கில் இருந்தார். அவருடைய இங்கிலீஷை என் தமிழில் எழுதுகிறேன். "அந்தத் துவக்கு உங்களுக்கு நன்றாய்ப் பொருந்துகிறது, அம்மா" என்றார். "உங்களுக்குத் தெரியுமோ, அவனுக்கு அது பொருந்தாது. அவன் கைக்கு அது நீளம் போதாது, கட்டை. அதனால்தான் இப்போது முந்தியைவிட மோசமாய்ச் சுடுகிறான். நீட்டிப் போடு என்று எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். அம்மா சுடுவா, அம்மாவின் தோளுக்கு இடிக்கக் கூடாது, அம்மாவின் கைக்கு எட்ட வேண்டும் என்றுதான் அதை வாங்கினேன் என்கிறான்." பிறகு தன் தோளைத் தடவினார். ஒப்பரேஷன் செய்த தோள், இனி அவரால் சுட ஏலாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அதை உங்களிடம் அவர் இன்னும் சொல்லவில்லை. அவருடைய அப்பா வைத்திருந்த துவக்கு ஒன்று இருக்கிறது, உனக்குத் தெரியும். அதை உனக்குத் தரட்டோ என்று கேட்டாராம். நீ, "வேண்டாம், என்னிடம் இருப்பது போதும்" என்று சொல்லிவிட்டாயாம். "எனக்கு மகன் இல்லை. நான் சொன்னால் கேட்கமாட்டான். நீங்கள் சொன்னால் கேட்பான். எப்போதும் உங்கள் கதைதான். அம்மா அப்படிச் செய்வா, அம்மா இப்படிச் சமைப்பா. கேட்டுக் கேட்டு எனக்குச் சில நாள் எரிச்சல்கூட வரும்" என்று சொல்லிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும் மகன். அது என்னுடைய 'நல்லம் நல்லம்' சிரிப்பு. அச்சு அசல். இந்த மனிதருக்கு என்மேல் பொறாமை! என்னிடம் ஏதோ இருக்கிறது, அது தனக்கு இல்லை என்று இவரும் உள்ளுக்குள் எரிந்துகொண்டு இருந்திருக்கிறார். எனக்குப் பாவமாய் இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. உண்மையைச் சொல்லுகிறேன், எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. "சொல்லிப் பாக்கிறன்" என்று வாயால் சொன்னேன். வீட்டுக்கு வருகிற வழி முழுக்க, உன் கட்டைத் துவக்கை மடியில் வைத்த மாதிரி அந்தச் சந்தோசத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். திங்கள் சொல்லவில்லை. செவ்வாய் சொல்லவில்லை. நீ சாப்பிட வந்து இருக்கிறபோது நாக்கு நுனிக்கு வரும், ஒரு அகப்பை சோறு கூடப் போட்டுவிட்டு விழுங்கிவிடுவேன். நான் சொல்லாவிட்டால் என்ன? அந்தத் துவக்கு அங்கேயே கிடக்கும். நீ என் அளவிலேயே சுட்டுக்கொண்டிருப்பாய். யாருக்கும் தெரியாது.

நேற்று நீ தட்டுச் சுடுகிற வீடியோவை ஹன்னா எனக்குக் காட்டினாள். கழுத்தைக் குறுக்கி, முழங்கையை மடக்கி, சின்னப் பிள்ளையின் சைக்கிளில் ஏறிய வளர்ந்தவன்போல நிற்கிறாய். ஒரு தட்டு, இன்னொரு தட்டு, எல்லாம் தப்பிப் போகின்றன. நீ சிரிக்கிறாய். பின்னால் ரிச்சர்ட் நிற்கிறார், கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு. உன் தோளைத் தொட அவர் கை எழும்புகிறது, பிறகு தானாய் இறங்குகிறது. நான் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஹன்னா போனை என்னிடமே விட்டுவிட்டு மேலே போனாள். எனக்காக நீ உன்னைக் குறுக்கிக்கொண்டு நிற்கிறாய். அதற்கு நான் சந்தோசப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன். பெற்ற தாய் பார்க்கிற பார்வையா அது?

ஆகவே சொல்லுகிறேன், கேள். உன் மாமனார் தருகிற துவக்கை வாங்கு. வேண்டாம் என்று இனி ஒரு சொல் சொல்லாதே. அவருடைய தோள் இனிச் சரிவராது, அதை அவர் உங்களிடம் சொல்ல வெட்கப்படுகிறார், நீயாய்த் துவக்கைக் கேட்டதாக இருக்கட்டும். பொலிசுக்கு அறிவிக்க வேண்டியதை முறையாய் அறிவி, இன்னொரு தரம் அந்தப் பிள்ளை வந்தால் நான் ரோல்ஸ் கொடுத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு இருப்பேன். துவக்கு இங்கே நம் அலுமாரிக்குத்தான் வர வேண்டும், அதில் மாற்றம் இல்லை. ஆனால் அதைச் சுட அவரோடுதான் போக வேண்டும், அவர் பின்னால் நிற்க வேண்டும், உன் தோளைப் பிடித்துத் திருப்ப வேண்டும். ஒரு ஞாயிறு அவருக்கு, ஒரு ஞாயிறு எனக்கு. அவருடைய ஞாயிற்றில் நீ என்னைப் பற்றி அதிகம் கதைக்காதே, மனிதர் பாவம். என்னுடைய ஞாயிற்றில் அவரைப் பற்றிக் கதைத்தால் நான் கேட்பேன், ஆனால் பத்தி எரியாது என்று சத்தியம் பண்ண மாட்டேன். புறா கிடைத்தால் காலையும் கழுத்தையும் எறியாமல் முழுதாய் உரித்துக் கொண்டு வா. அவரையும் கூட்டி வா. தனியாக இருந்து வெண்ணெயில் பிரட்டிச் சாப்பிட்டது போதும்.

இனி ஒன்றே ஒன்றுதான். அவருடைய துவக்கு உன் நெஞ்சுக்கும் கைக்கும் அளவாய் இருக்கும், அதால் நீ நிமிர்ந்து நின்று சுடு. அப்படியானால் அந்த மலிவுத் துவக்கையும் நீட்டிக்கொள்ளலாமே என்று ஹன்னா சொல்லுவாள், கடைக்காரர் தந்த துண்டுகள் மேசை லாச்சிக்குள் கிடக்கின்றன என்று எனக்குத் தெரியும். வேண்டாம் மகன். அதை மட்டும் நீட்டாதே. அது என் அளவிலேயே இருக்கட்டும்.